ஜூனோ விருதில் ஒரு பிரிவு: கனடாவின் பூர்வகுடி இசையும் ஒரு பழைய கேள்வியும்

இசை விருது என்றாலே பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் கிராமி தான். பக்கத்து நாடான கனடாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதன் பெயர் ஜூனோ. அந்த விருதில் 1994ல் ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. கனடாவின் பூர்வகுடி மக்களுடைய இசைக்கென்று தனியாக ஒரு பரிசு. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்தப் பிரிவின் முப்பது ஆண்டுக் கதையைப் பார்த்தால், ஒரு நாடு தன் பழைய கணக்குகளை எப்படித் தீர்க்கப் பார்க்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பது தெரியும்.

முதலில் ஜூனோவின் பிறப்பைப் பற்றிக் கொஞ்சம். 1960களில் ஆர்.பி.எம். என்ற இசை வணிகப் பத்திரிகை வாசகர் வாக்கெடுப்பு நடத்தி விருது கொடுத்து வந்தது. அதுவே 1970களின் தொடக்கத்தில் ஜூனோ ஆனது. ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் முதல் தலைவர் பியர் ஜூனோவின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. அவர் காலத்தில் தான், 1971ல், வானொலியில் ஒலிக்கும் பாடல்களில் 30 சதவீதம் கனடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. காரணம் எளிமையானது. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா என்ற பெரிய சந்தை. அங்கே அச்சாகும் இசைத்தட்டு இங்கே அப்படியே வந்து குவியும். சொந்த ஊர்ப் பாடகனுக்கு வானொலியில் இடமே கிடைக்காது. சந்தையை அதன் போக்கில் விட்டால் சின்னவன் காணாமல் போவான் என்பது கனடியர்களின் வாதம்.

இதே வாதத்தைத் தான் இருபது ஆண்டுகள் கழித்து பூர்வகுடிக் கலைஞர்கள் கனடிய இசைத்துறையிடம் வைத்தார்கள். உங்களுக்கு அமெரிக்கா எப்படியோ, எங்களுக்கு நீங்கள் அப்படி! இந்த வாதத்தை மறுக்க ஜூனோ அமைப்பாளர்களுக்கு வழியே இல்லை என்று தான் சொல்ல வேண்டும்.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. நம் பழைய பாடப் புத்தகங்கள் 'செவ்விந்தியர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். கொலம்பஸ் வழி தவறியதால் வந்த பெயர் அது, தோலின் நிறத்தையும் சேர்த்து ஒட்டியது. கனடாவில் சட்டப்படி மூன்று பிரிவினர் இருக்கிறார்கள். க்ரீ, ஒஜிப்வே, மோஹாக், இன்னு போன்ற பல இனங்கள் அடங்கிய 'முதல் தேசத்தவர்', வட துருவப் பகுதியின் இனுயிட் மக்கள், ஐரோப்பியர் வழியும் பூர்வகுடி வழியும் கலந்து உருவான மெட்டிஸ் மக்கள். மொழிகள் மட்டும் ஐம்பதுக்கு மேல். இவர்கள் எல்லோருடைய இசைக்கும் சேர்த்து ஒரே ஒரு கோப்பை. இந்தச் சிக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1990களின் தொடக்கத்தில் இந்தப் பிரிவுக்காக முயற்சி எடுத்தவர்களில் மூன்று பெயர்கள் முக்கியமானவை. எலைன் பாம்பெர்ரி, ஷிங்கூஸ் என்ற மேடைப் பெயர் கொண்ட ஒஜிப்வே பாடகர் கர்ட்டிஸ் ஜானி, அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்த பஃபி செயின்ட்-மேரி. மூன்றாவது பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு காஷ்டின் என்ற இருவர் குழுவின் கதை போதும். கியூபெக் மாகாணத்தின் மாலியோட்டெனம் என்ற ஊரைச் சேர்ந்த ஃப்ளோரன் வோலாண், க்ளோட் மெக்கென்சி என்ற இரண்டு இன்னு இளைஞர்கள். 1989ல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் இன்னு மொழியில் பாடியிருந்தார்கள். மொழி புரியாத பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் முணுமுணுக்கும் அளவுக்குப் பாடல்கள் பிரபலமாயின. அடுத்த ஆண்டு, 1990 கோடையில், ஓகா நெருக்கடி வெடித்தது. மோஹாக் மக்களின் இடுகாடு இருந்த நிலத்தை ஒட்டி கோல்ஃப் மைதானத்தை விரிவாக்கப் பார்த்ததால் வந்த மோதல் அது. 78 நாட்கள் நீடித்தது, ராணுவம் வரை வந்தது. அப்போது கியூபெக்கின் சில வானொலி நிலையங்கள் காஷ்டின் பாடல்களை ஒலிபரப்புவதை நிறுத்திவிட்டன. காஷ்டின் மோஹாக் இல்லை. அவர்கள் ஊர் ஓகாவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தப் பிரச்சினைக்கும் அவர்கள் பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நிலையத்தாரின் கண்ணுக்கு எல்லோரும் 'இந்தியர்கள்' தானே! (அந்த ஃப்ளோரன் வோலாண் 2001ல் இதே ஜூனோ பிரிவில் பரிசு பெற்றார்.)

இன்னும் பின்னால் போனால் விஷயம் கடுமையாகிறது. 1876ல் கனடா 'இந்தியர் சட்டம்' என்று ஒன்றை இயற்றியது. 1884ல் அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, மேற்குக் கடற்கரை மக்களின் பாட்லாட்ச் என்ற விருந்துச் சடங்கைத் தடை செய்தார்கள். அடுத்து 1895ல் சமவெளி மக்களின் சூரிய நடனம் போன்ற சடங்குகளுக்கும் தடை நீண்டது. ஆடுவதும் பாடுவதும் பரிசு கொடுப்பதும் குற்றம். 1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வில்லேஜ் ஐலண்ட் என்ற தீவில் நடந்த ஒரு பாட்லாட்ச் விருந்துக்காக 45 பேர் மீது வழக்குப் போட்டார்கள். குற்றச்சாட்டுகளில் நடனமாடியது, பேசியது, பரிசுப் பொருட்களைத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் அடக்கம். பலர் சிறைக்குப் போனார்கள். முகமூடிகளும் சடங்குப் பொருட்களும் பறிக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்கும் தனியாருக்கும் போய்ச் சேர்ந்தன. இந்தத் தடை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 1951ல் தான். இதோடு உறைவிடப் பள்ளிகள் வேறு. 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் அடித்து வளர்த்த பள்ளிகள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில், அதாவது ஜூனோவில் பூர்வகுடிப் பிரிவு வந்த பிறகு! ஒரு பக்கம் மேடையில் விருது, மறுபக்கம் அந்த மொழிகளை அழிக்க வைத்த பள்ளி. இரண்டும் ஒரே நாட்டில் சில ஆண்டுகள் சேர்ந்தே இருந்தன.

1994ல் முதல் பரிசு லாரன்ஸ் மார்ட்டினுக்குக் கிடைத்தது. ஒன்டாரியோவின் வடக்கே மூஸ் ஃபாக்டரியைச் சேர்ந்த க்ரீ பாடகர். ஆல்பத்தின் பெயர் 'வாபிஸ்டான்'. இவர் வெறும் பாடகர் மட்டுமல்ல, அந்தச் சமயத்தில் சூ லுக்அவுட் என்ற ஊரின் மேயரும் கூட. அடுத்த ஆண்டு பரிசு பெற்றவர் சூசன் அக்லுகார்க், ஆர்வியட் என்ற வட துருவ ஊரில் வளர்ந்த இனுயிட் பெண். அதே இரவில் சிறந்த புதிய தனிப் பாடகர் என்ற பொதுப் பிரிவுப் பரிசையும் அவரே வாங்கினார். அந்த ஆண்டு வெளிவந்த அவரது 'ஓ சியெம்' பாடல் நாடு முழுக்க வானொலிகளில் ஒலித்தது.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இந்தப் பிரிவின் பயன் இன்னொரு விதமானது. 1990களில் பாட்டு என்பது கடையில் விற்கும் குறுந்தகடு. கடைக்காரருக்கு ஒரு அலமாரி வேண்டும், அலமாரிக்கு ஒரு பெயர்ப் பலகை வேண்டும். க்ரீ மொழியில் கன்ட்ரி பாடும் ஒருவரை எங்கே வைப்பது? கன்ட்ரியிலா, நாட்டுப்புறத்திலா, 'உலக இசை' என்ற மூலையிலா? சொந்த நாட்டு இசையை உலக இசை மூலையில் வைத்த கூத்தும் நடந்தது. ஜூனோ ஒரு பெயர்ப் பலகையைக் கொடுத்தது. பலகை இருந்தால் விநியோகஸ்தர் வருவார், வானொலி நிலையம் எடுத்துக் கேட்கும், விழாக்களுக்கு அழைப்பு வரும்.

ஆனால் பெயர்ப் பலகைக்கு ஒரு கெடுதலும் உண்டு. ஒரு அலமாரிக்குள் போய்விட்டால் மற்ற அலமாரிகளில் யாரும் தேட மாட்டார்கள். ஒட்டாவாவைச் சேர்ந்த 'எ ட்ரைப் கால்டு ரெட்' என்ற குழு இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. பவ்வாவ் எனப்படும் மேளப் பாட்டை எலெக்ட்ரானிக் இசையோடு கலந்தவர்கள். தங்கள் ஆல்பத்தைப் பூர்வகுடிப் பிரிவுக்கு அனுப்பாமல் பொதுப் பிரிவுகளுக்கு மட்டும் அனுப்பினார்கள். 2014ல் ஆண்டின் சிறந்த புதிய குழு என்ற பரிசு அவர்களுக்கே கிடைத்தது. 2018ல் ஆண்டின் சிறந்த குழு என்ற பரிசும் வந்தது. தனிப் பிரிவு வேண்டும் என்று ஒரு தலைமுறை போராடியது, அந்தப் பிரிவைத் தாண்டிப் போவோம் என்று அடுத்த தலைமுறை சொன்னது. இரண்டு பேரும் சொன்னது சரி என்று தான் தோன்றுகிறது. முதல் தலைமுறை கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது தலைமுறைக்குத் தாண்டிப் போக ஒன்றும் இருந்திருக்காது.

அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கிராமியில் இதே போன்ற பிரிவு 2001ல் வந்தது, 2011 விழாவோடு போயிற்று. பிரிவுகள் அதிகம் என்று 109ஐ 78 ஆகக் குறைத்தபோது, ஹவாய் இசை போன்ற சிலவற்றோடு சேர்த்து 'வட்டார வேர் இசை' என்ற பொதுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டார்கள். கனடாவில் அப்படி நடக்கவில்லை. அங்கே பெயர் மட்டும் மாறியது. 'அபாரிஜினல்' என்று இருந்ததை 2017 வாக்கில் 'இண்டிஜினஸ்' என்று மாற்றினார்கள்.

இப்போது அந்த 'ஒரே கோப்பை' சிக்கலுக்கு வருவோம். 2015ல் இந்தப் பரிசு தான்யா டாகாக்குக்குப் போனது. இனுயிட் பெண்கள் இருவர் எதிரெதிரே நின்று, மூச்சையும் தொண்டையையும் வைத்து ஒரு விளையாட்டு போலப் பாடும் மரபு ஒன்று உண்டு. யார் முதலில் சிரிக்கிறாரோ, மூச்சு வாங்குகிறாரோ அவர் தோற்றவர். கிறிஸ்தவப் பாதிரிமார் தடுத்ததால் பல ஊர்களில் கிட்டத்தட்ட மறைந்து போயிருந்தது. டாகாக் அதைத் தனி ஆளாகப் பாடக் கற்று, ராக் இசை போல மேடையேற்றினார். அவரது 'அனிமிசம்' ஆல்பம் அதற்கு முந்தைய ஆண்டே போலாரிஸ் என்ற இன்னொரு பெரிய கனடியப் பரிசையும் வாங்கியிருந்தது. ஜூனோவுக்கு வெளியே, வின்னிபெக் நகரில் பூர்வகுடியினரே 2006 முதல் தனியாக விருது விழா நடத்தி வந்தார்கள். 2019ல் அந்த விழாவின் பரிந்துரைப் பட்டியலில் ஒரு க்ரீ பாடகியின் ஆல்பம் இடம்பெற்றது. அதில் இனுயிட் தொண்டைப் பாட்டு முறை பயன்படுத்தப்பட்டிருந்தது. இனுயிட் கலைஞர்கள் கொதித்தார்கள். டாகாக், கெல்லி ஃப்ரேசர் போன்றோர் விழாவைப் புறக்கணித்தார்கள். எங்கள் பாட்டிமார் ஒளித்து வைத்துக் காப்பாற்றியதை, பூர்வகுடி என்ற பொதுப் பெயரின் கீழ் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர்கள் நிலை. வெள்ளைக்காரர் எடுத்திருந்தால் எல்லோரும் சேர்ந்து கண்டித்திருப்பார்கள். இது வீட்டுக்குள் நடந்த சண்டை, அதனால் வலி அதிகம்.

அதே 2019ல் ஜூனோ பரிசு ஜெரமி டட்ச்சருக்குக் கிடைத்தது. இந்தப் பிரிவின் வரலாற்றிலேயே மிக அழகான கதை இவருடையது எனலாம். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் டொபீக் பகுதியைச் சேர்ந்த இவரது மொழி வொலஸ்தொக்வே. சரளமாகப் பேசுபவர்கள் 100 பேர் அளவுக்குத் தான் இருந்தார்கள். 1900களின் தொடக்கத்தில் வில்லியம் மெக்லிங் என்ற மானிடவியலாளர் இவர்களுடைய பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்து வைத்திருந்தார். அவை கனடிய வரலாற்று அருங்காட்சியகத்தில் கிடந்தன. சமூகத்தின் மூத்த பெண்மணி மேகி பால் அப்படிப்பட்ட பதிவுகள் இருப்பதைச் சொல்ல, செவ்வியல் குரல் பயிற்சி பெற்ற டட்ச்சர் அங்கே போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு பியானோவோடு அவற்றைப் பாடினார். சில இடங்களில் நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் கரகரத்த குரலே அவரோடு சேர்ந்து பாடும். நாட்டின் மேற்கே பாடியதற்காகச் சிறையில் போட்ட காலமும், கிழக்கே அதே அரசின் அருங்காட்சியகத்துக்காகப் பாட்டுகளைச் சேகரித்த காலமும் ஒன்று தான்! டட்ச்சரின் ஆல்பம் 2018ல் போலாரிஸ் பரிசையும் வாங்கியது. 2024ல் இரண்டாவது முறையும் போலாரிஸ் பெற்றார். அப்பரிசை இருமுறை வென்ற முதல் கலைஞர் அவர் தான்.

2022ல் ஜூனோ ஒரு திருத்தம் செய்தது. சமகாலப் பூர்வகுடி இசை, மரபுவழிப் பூர்வகுடி இசை என்று பிரிவை இரண்டாக்கியது. பவ்வாவ் மேளத்தையும் ஹிப்ஹாப்பையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த கேள்விக்கு ஒரு பாதி பதில் கிடைத்தது. அந்த ஆண்டு டிஜே ஷப் சமகாலப் பரிசையும், ஃபான் வுட் மரபுவழிப் பரிசையும் பெற்றார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் குறித்து வைத்த அந்த மூன்றாவது பெயர் இருக்கிறதே...

பஃபி செயின்ட்-மேரி. 1960களிலிருந்து பூர்வகுடி உரிமைக்காகப் பாடியவர். 1983ல் ஆஸ்கர் வாங்கிய பாடலின் இணை இசையமைப்பாளர். சிறுவர் தொலைக்காட்சியில் தோன்றி ஒரு தலைமுறைப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு 'நம்மைப் போல ஒருவர்' என்ற உணர்வைக் கொடுத்தவர். சஸ்காச்சுவானில் க்ரீ குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் தத்துப் பிள்ளையாக வளர்ந்ததாகவே அவரது வாழ்க்கை வரலாறு சொல்லப்பட்டு வந்தது. இந்த ஜூனோ பிரிவில் 1997, 2009, 2016, 2018 என நான்கு முறை பரிசு பெற்றார். வேறு யாரும் இவ்வளவு பெறவில்லை.

2023 அக்டோபரில் கனடாவின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி ஒரு புலனாய்வு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அவர் 1941ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், தன்னை வளர்த்த பெற்றோருக்கே பிறந்தவர் என்று காட்டும் பிறப்புச் சான்றிதழை அதில் வெளியிட்டது. அவர் இதை ஏற்கவில்லை. தன் பிறப்பைப் பற்றித் தனக்கே முழுமையாகத் தெரியாது என்றும், யாரையும் ஏமாற்றவில்லை என்றும் சொன்னார். பூர்வகுடிப் பெண்கள் அமைப்பு ஒன்று ஜூனோவைத் திரும்பப் பெறும்படி அப்போதே கேட்டது.

இந்த இடத்தில் 'யார் பூர்வகுடி?' என்ற கேள்வியின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். கனடாவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் நூறு ஆண்டுக்கு மேலாக அரசிடம் இருந்தது. 1876 சட்டப்படி, பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய ஒருவர் 'இந்தியர்' என்ற தகுதியை இழந்தார். படித்தால் இந்தியர் இல்லை! முதல் தேசப் பெண் ஒருத்தி வெளியாளைத் திருமணம் செய்தால் அவளும் அவள் பிள்ளைகளும் தகுதி இழந்தார்கள், ஆணுக்கு அந்த விதி இல்லை. இது 1985 வரை நீடித்தது. இனுயிட் மக்களுக்கு 1940களிலிருந்து பெயருக்குப் பதில் எண் பொறித்த வில்லை கொடுத்தார்கள். லூசி இட்லவுட் என்ற இனுயிட் பாடகி தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் ஒரு எண், அவருடைய அம்மாவின் வில்லை எண். இப்படிக் காகிதத்தால் அடையாளத்தை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் ஒரு சான்றிதழைக் காட்டி 'நீ பூர்வகுடி இல்லை' என்று சொல்வது அங்கே பலருக்கும் பழைய புண்ணைக் கீறுவது போல. அதே சமயம், பூர்வகுடியினருக்கென்று ஒதுக்கிய சில இடங்களில் ஒன்றை வேறொருவர் பல ஆண்டுகள் வைத்திருந்தால் அதனால் இழந்தவர்களும் பூர்வகுடியினர் தான். அந்த நான்கு ஆண்டுகளிலும் பட்டியலில் பெயர் வந்து, பரிசு கிடைக்காமல் வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். புகழ் பெற்ற ஒருவருக்கு இன்னொரு கோப்பை அலமாரியில் ஒரு பொருள். வடக்கே ஒரு சிறிய ஊரிலிருந்து வந்த பாடகருக்கு அது பிழைப்பு. இந்த இரண்டாவது தரப்பின் இழப்பு தான் பெரிது, அதைப் பற்றிப் பேசியவர்கள் தான் குறைவு.

2025 தொடக்கத்தில் 'ஆர்டர் ஆஃப் கனடா' என்ற நாட்டின் உயர்ந்த விருது அவரிடமிருந்து நீக்கப்பட்டது. நீக்கும் ஆணை ஆளுநர் நாயகம் மேரி சைமனின் கையெழுத்தோடு வந்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடிப் பெண்மணி அவர், இனுயிட் இனத்தவர். அதே ஆண்டு மார்ச் மாதம் ஜூனோ அமைப்பும் கொடுத்த விருதுகளை எல்லாம் திரும்பப் பெற்றது, 1995ல் சேர்த்த புகழ் மண்டபத்திலிருந்தும் பெயரை நீக்கியது. போலாரிஸும் அப்படியே செய்தது. ஜூனோ சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. அவர் கனடியர் இல்லை என்பது உறுதியானதால் விதிப்படித் தகுதி இல்லை என்றது. பூர்வகுடியா இல்லையா என்ற கேள்விக்குள் போகாமல், குடியுரிமை விதியை வைத்து முடித்துக்கொண்டது.

சஸ்காச்சுவானில் பஃபியை 1960களில் தங்கள் மகளாக ஏற்றுக்கொண்ட பயாபாட் குடும்பத்தார் வேறு மாதிரி சொன்னார்கள். க்ரீ வழக்கப்படி தத்து எடுத்தவர் எங்கள் குடும்பத்தவரே, எந்தக் காகிதமும் அதை மாற்றாது என்பது அவர்கள் பதில். ஜூனோ அறிவிப்பு வந்த அதே மார்ச் மாதக் கடைசியில் வான்கூவர் நகரில் அந்த ஆண்டின் விழா நடந்தது. இரண்டு பூர்வகுடிப் பிரிவுகளிலும் வழக்கம் போலப் பரிசுகள் கொடுத்தார்கள்.